மேகம் பார்த்த ஹான்ஸ்: ஏ.டி.எச்.டி. கண்டறியப்பட்ட வரலாறு

வீட்டில் ஒரு நிமிடம் சும்மா இருக்காத பிள்ளை. நாற்காலி மீது ஏறுவான், குதிப்பான், ஒரு வேலையைத் தொடங்கினால் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடுவான். வாரம் தவறாமல் பள்ளியிலிருந்து புகார் வருகிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பெற்றோர் ஒருநாள் அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர். அங்கே அவன் பெட்டிப் பாம்பாய் அடங்கி உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் அழகாகப் பதில் சொல்கிறான். தாய்க்குத் தர்மசங்கடம். “வீட்டில் இப்படி இல்லை டாக்டர்” என்கிறார். தந்தைக்கோ கோபம். “பார்த்தாயா? நினைத்தால் அவனால் முடியும். வேண்டுமென்றேதான் செய்கிறான்” என்கிறார்.

தந்தை சொல்வது சரியா? ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாட்டின் அறிகுறிகளை ஒரு குழந்தையால் மறைக்க முடியுமா? மறைக்க முடியுமென்றால் அதைக் குறைபாடு என்று சொல்லலாமா? அப்படியே இருந்தாலும், அதற்கு ஒரு பெயர் வைப்பதால் பிள்ளைக்கு என்ன நன்மை?

இவை பெற்றோர் பலரின் மனத்தை அரிக்கும் கேள்விகள். மருத்துவ உலகமும் இவற்றுக்கு எளிதில் விடை கண்டுவிடவில்லை. ஏறக்குறைய 200 ஆண்டுகள் தட்டுத் தடுமாறித்தான் இன்றைய நிலைக்கு வந்திருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது பெற்றோருக்கு மிகவும் உதவும்.

இரண்டு சிறுவர்களின் கதை

1798ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் அலெக்ஸாண்டர் கிரைட்டன் மனநோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ‘கவனம்’ என்பதற்கே தனி அத்தியாயம் ஒதுக்கினார். எந்தப் பொருளிலும் மனத்தை நிலையாக நிறுத்த முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள், சிலருக்கு அது பிறவியிலேயே இருக்கிறது, பள்ளிப் பாடத்துக்கு அது பெரும் இடையூறாகிறது என்று அவர் எழுதினார். குழந்தைகளைக் குறை சொல்லாமல், அவர்களுடைய சிரமத்தை விளக்கிய பழைய எழுத்துகளில் இதுவும் ஒன்று. ஆனால் அது பெரும்பாலும் கவனிக்கப்படாமலேயே போயிற்று.

அடுத்து வருபவர் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகர மருத்துவர் ஹைன்ரிக் ஹோஃப்மன். 1844ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்குத் தம் மூன்று வயது மகனுக்குப் படப்புத்தகம் வாங்கக் கடை கடையாக ஏறினார். எதுவும் பிடிக்கவில்லை. வெறும் ஏடு ஒன்றை வாங்கி வந்து, தாமே படம் வரைந்து கதைப்பாட்டு எழுதிவிட்டார். 1845இல் அச்சான அந்தப் புத்தகம் பின்னர் உலகின் பல மொழிகளுக்குச் சென்றது. அடுத்தடுத்த பதிப்புகளில் அவர் புதிய கதைகளைச் சேர்த்துக்கொண்டே போனார். அவற்றில் இரண்டு சிறுவர்கள் இங்கே முக்கியமானவர்கள்.

ஒருவன் பிலிப். சாப்பாட்டு மேசையில் நாற்காலியை ஆட்டிக்கொண்டே இருப்பான். கடைசியில் மேசை விரிப்பையும் இழுத்துக்கொண்டு சாய்வான். உணவு, தட்டு எல்லாம் தரையில் கொட்டும். அப்பாவுக்குக் கடுங்கோபம். மற்றவன் ஹான்ஸ். பள்ளிக்குப் போகும் வழியில் மேகத்தையும் குருவியையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பான். எதிரே வரும் நாய் கண்ணில் படாது. ஒருநாள் அப்படியே நடந்து ஆற்றில் விழுந்துவிடுவான்.

ஹோஃப்மன் இவர்களை நோயாளிகளாக எழுதவில்லை. குழந்தைகளுக்குப் புத்தி சொல்லவே எழுதினார். இருந்தாலும், இன்று ஏ.டி.எச்.டி.யின் இரு முகங்களாகக் கருதப்படும் மிகை இயக்கமும் கவனக்குறைவும் அந்த ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. பிலிப்பால் குடும்பமே பட்டினி கிடந்தது. ஹான்ஸால் வேறு யாருக்கும் தொல்லையில்லை. துன்பம் அவனுக்கு மட்டும்தான். மருத்துவ உலகம் பிலிப்பை முதலில் கவனித்ததற்கும், ஹான்ஸை நெடுங்காலம் கவனிக்காமல் விட்டதற்கும் காரணம் இதுவே.

தொல்லை கொடுத்தவர்கள் கவனிக்கப்பட்டனர்

இங்கிலாந்தில் 1880ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக்கல்வியைக் கட்டாயமாக்கியது. எல்லா வகைப் பிள்ளைகளும் ஒரே அறையில் மணிக்கணக்கில் அசையாமல் அமர வேண்டியதாயிற்று. அமர முடியாத பிள்ளைகள் ஆசிரியர்களின் கண்ணில் பட்டனர். 1902இல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அரச மருத்துவர் கல்லூரியில் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவுக் குறைவு இல்லை, வளர்ப்பிலும் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத 20 குழந்தைகளைப் பற்றி அதில் விவரித்தார். அவர்களில் 15 பேர் ஆண் பிள்ளைகள், ஐவர் மட்டுமே பெண் பிள்ளைகள். அவர் அந்தப் பிரச்சினைக்குச் சூட்டிய பெயர் ‘ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறைபாடு’. பெயரிலேயே பழி ஒட்டிக்கொண்டது.

முதலாம் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய ஒருவகை மூளைக் காய்ச்சல் உலகெங்கும் பரவியது. பிழைத்த குழந்தைகளில் பலர் ஓயாத துறுதுறுப்புடனும் படபடப்புடனும் மாறிப்போயினர். அதைக் கண்ட மருத்துவர்கள், இத்தகைய நடத்தைக்கு மூளையிலும் காரணம் இருக்கலாம் என்று எண்ணத் தொடங்கினர். பழி ஒழுக்கத்திலிருந்து மூளைக்கு மாறியது. ‘சிறு மூளைச் சேதம்’, ‘சிறு மூளைச் செயற்பாட்டுக் கோளாறு’ என்றெல்லாம் பிற்காலத்தில் பெயர்கள் வந்தன. அந்தச் சேதம் எங்கே இருக்கிறது என்று பெரும்பாலான குழந்தைகளிடம் யாராலும் காட்ட முடியவில்லை.

இதற்கிடையே 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு தற்செயல் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. மருத்துவர் சார்ல்ஸ் பிராட்லி, குழந்தைகளுக்கு மூளைப் படம் எடுப்பதற்காக முதுகுத்தண்டு நீரை வெளியேற்றுவார். அதனால் வரும் தலைவலிக்கு ‘பென்செட்ரின்’ என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி தீரவில்லை. ஆனால், அதுவரை பாடத்தில் நாட்டமே இல்லாத பிள்ளைகளில் சிலர் அமர்ந்து படிக்கத் தொடங்கியதை ஆசிரியர்கள் கண்டனர். அடுத்து 30 குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, ஏறக்குறையப் பாதிப் பேரிடம் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. குழந்தைகளே அதற்குக் ‘கணக்கு மாத்திரை’ என்று பெயர் வைத்தார்கள். ஊக்க மருந்து கொடுத்தால் துள்ளும் பிள்ளை அடங்குவது எப்படி என்று அன்று பலர் வியந்தனர். தன்னைத் தானே கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகளின் செயல்பாட்டை அம்மருந்து தூண்டுகிறது என்பது இன்றைய விளக்கம்.

1968இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இந்தப் பிரச்சினையைச் சேர்த்துக்கொண்டபோது, ‘குழந்தைப் பருவ மிகை இயக்க எதிர்வினை’ என்று பெயரிட்டது. பெயரில் ஓட்டமும் துள்ளலும்தான் இருந்தன. பதின்ம வயதில் அது பெரும்பாலும் தணிந்துவிடும் என்றும் நம்பப்பட்டது. பிலிப்புக்கு ஒரு பெயர் கிடைத்தது. ஹான்ஸ் அப்போதும் வெறும் ‘கனவு காணும் பிள்ளை’தான்.

ஹான்ஸுக்கு இடம் கிடைத்தது

நிலைமையை மாற்றியவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வர்ஜீனியா டக்ளஸ். இந்தப் பிள்ளைகளின் அடிப்படைச் சிக்கல் ஓட்டமும் துள்ளலும் மட்டுமல்ல, கவனத்தை நிலைநிறுத்துவதும் உந்துதலை அடக்குவதுமே என்று 1972இல் அவர் வாதிட்டார். அதன் பலனாக 1980ஆம் ஆண்டுக் கையேட்டில் பெயரே மாறியது. ‘கவனக்குறைவுக் குறைபாடு’ என்ற பெயர் வந்தது. மிகை இயக்கத்துடன் ஒரு வகை, மிகை இயக்கம் இல்லாமல் இன்னொரு வகை. மேகம் பார்த்து நடக்கும் பிள்ளைக்கு முதன்முறையாக அந்தக் கையேட்டில் இடம் கிடைத்தது.

ஆனால் அந்த இடம் நிலைக்கவில்லை. 1987இல் இரண்டையும் இணைத்து ஏ.டி.எச்.டி. என்று ஒரே பெயராக்கினர். அமைதியான பிள்ளை மீண்டும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. 1994இல்தான் கவனக்குறைவு மிகுந்த வகை, மிகை இயக்கம் மிகுந்த வகை, இரண்டும் கலந்த வகை என மூன்று பிரிவுகள் வந்தன. முன்பு ஏழு வயதுக்குள் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும் என்றிருந்த விதி, 2013இல் 12 வயது என்று தளர்த்தப்பட்டது. பல பிள்ளைகளிடம் சிரமம் தாமதமாகவே வெளிப்படுகிறது என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டதற்கு இது சான்று.

மருத்துவர் முன் ஏன் அடங்குகிறான்?

இனி முதல் கேள்விக்கு வருவோம். 1981இல் ஸ்லீட்டர், உல்மன் எனும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தனர். வீட்டிலும் பள்ளியிலும் கிடைத்த தகவலின்படி மிகை இயக்கம் உடையவர்கள் என்று உறுதியான குழந்தைகள், மருத்துவர் அறையில் எப்படி நடந்துகொள்கின்றனர் என்று பார்த்தனர். ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் அங்கே எந்த அறிகுறியையும் காட்டவில்லை. நல்ல பிள்ளைகளாகவே நடந்துகொண்டனர். மூன்றாண்டுக்குப் பிறகு பார்த்தபோது, அன்று அடங்கியிருந்தவர்களுக்கும் ஆட்டம் போட்டவர்களுக்கும் வேறுபாடு காண முடியவில்லை. அதாவது, அந்த அரை மணி நேர அடக்கம் எதையும் உணர்த்தவில்லை.

அந்தப் பிள்ளைகள் நடித்தார்களா? இல்லை. ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தையிடம் கவனமே இல்லை என்று நினைப்பது தவறு. கவனத்தை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரம்வரை நிறுத்திவைப்பதில்தான் சிரமம். புதிய இடம், புதிய மனிதர், முழுக் கவனத்துடன் பேசும் பெரியவர், உடனுக்குடன் கிடைக்கும் பாராட்டு, விருப்பமான விளையாட்டு, மின்னும் திரை ஆகியவை இருக்கும்போது அறிகுறிகள் குறைந்தோ மறைந்தோ காணப்படலாம் என்று 2013ஆம் ஆண்டுக் கையேடே எச்சரிக்கிறது. இரண்டு மணி நேரம் வீடியோ கேம் விளையாடும் பிள்ளையால் பத்து நிமிடம் வாய்ப்பாடு படிக்க முடியாமல் போவதற்கும் இதுதான் காரணம். இதைப் பார்த்துச் சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் அது சரியல்ல.

சூழ்நிலையால் தானாக மறைவது ஒரு வகை. முயன்று மறைப்பது இன்னொரு வகை. புத்தகப்பையை ஐந்து முறை திறந்து பார்க்கும் பிள்ளை. ஆசிரியை சொன்னது காதில் விழாவிட்டாலும் பக்கத்து மேசைத் தோழியைப் பார்த்து அப்படியே செய்யும் பிள்ளை. மற்றவர் அரை மணியில் முடிக்கும் வீட்டுப்பாடத்தை இரவு பதினொரு மணிவரை இழுத்து, யாருக்கும் சொல்லாமல் முடிக்கும் பிள்ளை. காலாட்டத் துடிக்கும் உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வீடு திரும்பியதும் ஒன்றுமில்லாத காரணத்துக்கு வெடித்து அழும் பிள்ளை. மூன்றாவது வகையில் மறைப்பது பிள்ளையே அல்ல. பையை அடுக்கிக் கொடுக்கும் அம்மா, பரீட்சைத் தேதியை நினைவுபடுத்தும் அக்காள், டியூஷன் ஆசிரியர் ஆகியோரே முட்டுக்கொடுத்துத் தாங்குகின்றனர்.

இப்படி முயன்று மறைப்பது பற்றிய ஆய்வு முதலில் ஆட்டிசம் துறையில்தான் வளர்ந்தது. ஏ.டி.எச்.டி.யில் அது இன்னும் இளம் துறையே. நெதர்லாந்தில் பெரியவர்களிடம் நடத்தி 2024இல் வெளியான ஓர் ஆய்வு, ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தங்களை மறைத்துக்கொள்வதையும், ஆனால் ஆட்டிசம் உள்ளவர்கள் அளவுக்கு மறைப்பதில்லை என்பதையும் காட்டியது.

மறைப்பதற்குக் கொடுக்கும் விலை

இந்த முட்டுகள் எப்போது சரிகின்றன? மலேசியப் பெற்றோருக்கு ஓர் உதாரணம் உடனே விளங்கும். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் ஒரே வட்டத்தில் வளர்ந்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆசிரியர், புதிய கால அட்டவணை, பாடமொழி மலாய், புதிய நண்பர்கள். அம்மா எல்லாவற்றையும் நினைவுபடுத்த முடியாது. அதுவரை ‘கெட்டிக்காரி, கொஞ்சம் மறதி’ என்று பெயரெடுத்த மகள் திடீரெனப் பின்தங்குகிறாள். காதல், கைப்பேசி, கெட்ட சகவாசம் என்று வீடு காரணம் தேடுகிறது. வேறு காரணங்களும் இருக்கலாம் என்பது உண்மையே. ஆனால், முன்பிருந்தே இருந்த சிரமம் இப்போதுதான் வெளியே வந்திருக்கலாம் என்று எவரும் யோசிப்பதில்லை.

‘மகள்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பொது மக்களிடையே நடத்தும் ஆய்வுகளில் ஏறக்குறைய மூன்று ஆண் பிள்ளைகளுக்கு ஒரு பெண் பிள்ளை என்ற விகிதத்தில் ஏ.டி.எச்.டி. காணப்படுகிறது. மருத்துவமனைக்கு அழைத்து வரப்படுவோரிலோ ஆண் பிள்ளைகளின் பங்கு அதைவிட மிக அதிகம். பெண் பிள்ளைகளில் பலர் அழைத்து வரப்படுவதே இல்லை என்பது இதன் பொருள். ‘பெண் பிள்ளை அடக்கமாக இருக்க வேண்டும்’ என்ற பாடம் சிறு வயதிலேயே புகட்டப்படுவதால், மறைக்கும் பழக்கமும் அங்கேதான் அதிகம் என்று பல வல்லுநர்கள் கருதுகின்றனர்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஹின்ஷா குழுவினர், ஏ.டி.எச்.டி. உள்ள 140 சிறுமிகளையும் அது இல்லாத 88 சிறுமிகளையும் 1990களின் இறுதி முதல் தொடர்ந்து கவனித்து வந்தனர். பத்தாண்டுக்குப் பிறகு, 2012இல் வெளியான முடிவு அதிர்ச்சியளித்தது. சிறு வயதில் மிகை இயக்கமும் கவனக்குறைவும் கலந்து காணப்பட்ட பெண்களில் 22 விழுக்காட்டினர் தற்கொலைக்கு முயன்றிருந்தனர். கவனக்குறைவு மட்டும் இருந்தவர்களில் இது 8 விழுக்காடு, ஏ.டி.எச்.டி. இல்லாதவர்களில் 6 விழுக்காடு. தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டவர்களின் விகிதமோ முறையே 51, 29, 19 விழுக்காடு. வயதானால் சரியாகிவிடும் என்ற பழைய நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெயர் வைப்பதால் என்ன பயன்?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. ஒரே ஆண்டில் பிறந்து ஒரே வகுப்பில் படிப்பவர்களில், ஜனவரியில் பிறந்தவர்களைவிட டிசம்பரில் பிறந்த ஆண் பிள்ளைகளுக்கு ஏ.டி.எச்.டி. என்று முடிவுசெய்யப்படும் வாய்ப்பு 30 விழுக்காடு அதிகம். பெண் பிள்ளைகளுக்கு 70 விழுக்காடு அதிகம். வகுப்பில் வயது குறைந்த பிள்ளையின் இயல்பான விளையாட்டுத்தனமே குறைபாடாகக் கருதப்படும் அபாயம் உண்டு என்று இது எச்சரிக்கிறது. ஒரு பக்கம் தேவையில்லாத பிள்ளைக்குப் பெயர் சூட்டப்படுகிறது. மறுபக்கம் தேவையுள்ள பிள்ளை விடுபடுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: வெளியே தெரியும் நடத்தையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது.

ஆகவேதான் முறையான கண்டறிதல் நேரம் எடுக்கும். இரத்தச் சோதனையோ மூளைப் படமோ இதற்கு முடிவு சொல்லாது. அறிகுறிகள் சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்பதோடு பிள்ளையிடமும் கேட்க வேண்டும். “வீட்டுப்பாடத்தை முடித்தாயா?” என்பதோடு நிறுத்தாமல், “முடிக்க எவ்வளவு நேரம் ஆனது? யார் உதவினார்கள்?” என்றும் கேட்டால்தான் மறைந்திருப்பது தெரியவரும். தூக்கக் குறைவு, காது கேளாமை, மனக்கவலை, வாசிப்புக் குறைபாடு போன்றவையும் இதேபோல் தோன்றக்கூடும். எனவே அவற்றையும் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

மருந்து மந்திரமல்ல. அமெரிக்காவில் 579 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 1999இல் வெளியான பெரிய ஆய்வில், கவனமாகக் கண்காணித்துக் கொடுக்கப்பட்ட மருந்து 14 மாத காலத்தில் அறிகுறிகளை நன்கு குறைத்தது. ஆனால் சிகிச்சை வகைகளுக்கிடையே தெரிந்த அந்த வேறுபாடு சில ஆண்டுகளில் மங்கியது. எனவே ஒருமுறை மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. பெற்றோருக்கான பயிற்சி, பாடத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுப்பது, முன்வரிசை இருக்கை, நடுவே எழுந்து நடக்க அனுமதி என்று பல உதவிகள் சேர்ந்தே பலன் தருகின்றன. பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பயிற்சியே முதல் சிகிச்சை.

மலேசிய சுகாதார அமைச்சு ஏ.டி.எச்.டி.க்கான மருத்துவ வழிகாட்டியை 2008இல் வெளியிட்டு, 2020இல் புதுப்பித்தது. கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் பேசித் தொடங்கினால், அங்கிருந்து குழந்தை நல மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ அனுப்புவார்கள். சமூக நல இலாகாவில் பதிவு செய்து அட்டை பெறுவது பெற்றோரின் விருப்பம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ‘அட்டை எடுத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற அச்சத்தில் மருத்துவரிடமே போகாமல் இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்டது. சோம்பேறி, திமிர் பிடித்தவன், கவனமில்லாதவள், மண்டு. ஊர் வைத்த இந்தப் பெயர்கள் பிள்ளையைக் குற்றவாளியாக்குகின்றன. மருத்துவர் சொல்லும் பெயரோ, என்ன உதவி வேண்டும் என்று காட்டுகிறது. கண்டறிதலின் முதல் பயன் இதுவே. பல ஆண்டுகள் மறைத்து மறைத்துக் களைத்த பிள்ளைக்கு, “உன் மேல் தப்பில்லை” என்று யாரோ சொன்னதாக அது அமையும்.

ஹோஃப்மன் கதையில் ஆற்றில் விழுந்த ஹான்ஸ் மூழ்கிவிடவில்லை. அவ்வழியே வந்த இரண்டு பேர் கோலை நீட்டி அவனை மேலே இழுத்துவிடுகிறார்கள். அவனுடைய பள்ளிப் புத்தகம் மட்டும் நீரோடு போய்விடுகிறது. வீட்டிலும் வகுப்பிலும் யாருக்கும் தொல்லை தராமல், சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு, உள்ளுக்குள் தவிக்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் விழும்வரை காத்திராமல், கொஞ்சம் முன்னதாகவே பெற்றோரும் ஆசிரியரும் கவனித்துவிட்டால், அந்தப் புத்தகத்தையும் காப்பாற்றிவிடலாம்.